யூதப் பண்டிகைகளுக்கும் வயலுக்கும் என்ன சம்பந்தம்?

16 ஜனவரி 2025: கேள்வி

பொங்கல் முடிந்த கையோடு கேட்கிறேன். யூதர்களின் பண்டிகைகள் எல்லாமே சரித்திர நினைவு நாட்கள்தானே? எகிப்திலிருந்து விடுதலை, சீனாய் மலை, வனாந்தரத்தில் கூடார வாழ்க்கை, இப்படி. மண்ணோடும் விளைச்சலோடும் ஒட்டிய பண்டிகை அவர்களுக்கு ஒன்றுகூட இல்லை என்பது என் வாதம். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

16 ஜனவரி 2025, இரவு

மறுக்கிறேன். பஸ்கா வாற்கோதுமை முற்றும் நேரத்தில் வருகிறது. ஷவுவோத், நம் வேதாகமம் சொல்லும் பெந்தெகொஸ்தே, கோதுமை அறுப்புக்கு. சுக்கோத் என்கிற கூடாரப் பண்டிகை, களத்து வேலையும் திராட்சை ஆலை வேலையும் முடிந்து எல்லாம் வீடு வந்து சேர்ந்த பிறகு. யாத்திராகமம் 23-இல் இவற்றை அறுப்புக்காலப் பண்டிகை, சேர்ப்புக்காலப் பண்டிகை என்றே சொல்லியிருக்கிறது.

எருசலேமில் ஒரு பாட்டியைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவள் நான். ஈராக்கிலிருந்து வந்த குடும்பம், ஆசாரமான வீடு. 2021 செப்டம்பரில் தொடங்கிய ஷ்மிட்டா வருடம் முழுக்க அங்கே இருந்தேன். நிலத்தை உழாமல் விட வேண்டிய ஏழாம் வருடம் அது. அந்த வீட்டு அடுக்களையில்தான் இதையெல்லாம் கற்றேன். நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

17 ஜனவரி 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நண்பர், “அப்படியானால் அதுவும் பொங்கல் மாதிரிதான், விளைந்ததற்கு நன்றி சொல்கிறார்கள்” என்று முடித்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் முடியாது. விளைந்ததற்கு நன்றி என்பது ஒரு பாதிதான். மறு பாதியில் அந்த நாள் ஒரு பூட்டு மாதிரி நிற்கிறது.

லேவியராகமம் 23-ஐப் பாருங்கள். பஸ்காவின் இரண்டாம் நாள், நிசான் மாதம் 16-ஆம் தேதி, புது வாற்கோதுமையில் ஓமேர் என்ற ஓர் அளவு ஆலயத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அது நடக்கிறவரை அந்த வருடத்துப் புதுத் தானியத்தில் அப்பமோ, வறுத்த கதிரோ, பச்சைக் கதிரோ எதையும் வாயில் வைக்கக்கூடாது. அன்றிலிருந்து 49 நாள் எண்ணி, ஐம்பதாம் நாள் ஷவுவோத். அன்று புதுக் கோதுமையில் புளித்த மாவால் இரண்டு அப்பம் படைப்பார்கள். அதன் பிறகுதான் ஆலயத்துக்குள்ளேயே புதுத் தானியத்தைக் காணிக்கையாகப் பயன்படுத்தலாம். முதல் நாள் மக்களின் வாய்க்கு அனுமதி, ஐம்பதாம் நாள் பலிபீடத்துக்கு அனுமதி. வயலில் கதிர் எப்போதோ முற்றியிருக்கலாம், தேதி வரவேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. எருசலேமிலிருந்து தூரத்தில் இருப்பவனுக்கு ஓமேர் படைத்தாயிற்றா என்று எப்படித் தெரியும்? நண்பகல் தாண்டிவிட்டால் சாப்பிடலாம், ஏனென்றால் ஆலயத்தில் இருப்பவர்கள் இந்தக் காரியத்தில் சோம்பலாக இருக்கமாட்டார்கள் என்கிறது. கண்ணால் பார்க்காத ஊர்க்காரன், அங்கே வேலை நடந்திருக்கும் என்று நம்பிப் புது அப்பத்தைப் பிய்த்து வாயில் போடலாம். இதைச் சட்டமாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

18 ஜனவரி 2025

“ஆலயம் கி.பி. 70-இல் இடிந்துபோயிற்று, இதெல்லாம் பழங்கதை” என்று கேட்டிருப்பவருக்கு:

ஓமேர் படைப்பது நின்றது, தேதி நிற்கவில்லை. ஆலயம் போன பிறகு யோஹனான் பென் சக்காய் என்ற அறிஞர் அந்த 16-ஆம் நாள் முழுவதும் புதுத் தானியம் கூடாது என்று ஏற்படுத்தினார். 49 நாள் எண்ணுவது இன்றும் தினமும் இரவில் நடக்கிறது. பாட்டி வாய்விட்டு எண்ணுவார், மறந்துவிடக்கூடாதென்று என்னையும் ஞாபகப்படுத்தச் சொல்வார்.

தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒன்றைப் பிரித்து வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடையில் வாங்கும் காய்கனியில் பெரும்பாலும் அதைப் பிரித்து முடித்துத்தான் விற்கிறார்கள். பக்கத்து வீட்டு மரத்து எலுமிச்சை வந்தால் பாட்டியே செய்வார். நூறில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு பங்கை வெட்டித் தனியே வைத்து, எந்தப் பக்கத்துத் துண்டு எந்தப் பாகம் என்று ஒரு வாசகம் சொல்லி, தாளில் சுற்றி மரியாதையாக அப்புறப்படுத்துவார். எருசலேமில் வைத்துச் சாப்பிட வேண்டிய இரண்டாம் தசமபாகத்தின் மதிப்பை ஒரு நாணயத்துக்கு மாற்றிவிடுவார். அந்த நாணயம் அலமாரியில் தனி டப்பாவில் கிடக்கும். ஒரு டீக்கு எலுமிச்சை பிழிய இத்தனையா என்று முதலில் மலைத்தேன். பிறகு அந்த வாசகம் முடியும்வரை கத்தியைத் தொடாமல் நிற்கப் பழகிவிட்டேன்.

13 பிப்ரவரி 2025

இன்று து பிஷ்வாத், ஷ்வாத் மாதம் 15. மரங்களின் புத்தாண்டு என்று இன்று எல்லோரும் உலர்ந்த அத்திப்பழமும் பேரீச்சையும் பாதாமும் படம் எடுத்துப் போடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் மரம் நடுவார்கள். அந்த மரம் நடும் வழக்கம் 1890-இல் ஸிக்ரோன் யாக்கோவில் ஓர் ஆசிரியர் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனதிலிருந்து வளர்ந்தது.

மூலத்தில் இது கணக்குமுடிக்கும் நாள். மிஷ்னா நான்கு புத்தாண்டுகளைச் சொல்கிறது. அரசர்களின் ஆட்சிக் கணக்குக்கும் பண்டிகை வரிசைக்கும் நிசான் 1. மந்தையில் தசமபாகம் பிரிக்க எலூல் 1. ஷ்மிட்டாவுக்கும் ஐம்பதாம் வருடமான யூபிலிக்கும் காய்கறிக்கும் திஷ்ரி 1, அதுதான் ரோஷ் ஹஷானா. மரத்துக்கு ஷ்வாத் 15. இந்த வருடத்துப் பழத்தைக் கொண்டு போன வருடத்துப் பழத்துக்குத் தசமபாகம் கட்டக்கூடாது, ஆகவே எந்தப் பழம் எந்த வருடம் என்று வெட்டிச் சொல்ல ஒரு நாள் தேவை. ஏன் இந்த நாள்? வருடத்து மழையில் பெரும்பகுதி அதற்குள் பெய்து முடிந்திருக்கும் என்கிறது மிஷ்னாவுக்கு விரிவுரையான தால்முத். அந்தக் காலத்து இரண்டு அறிஞர் பள்ளிகளில் ஹில்லேல் பள்ளியார் 15 என்றார்கள், ஷம்மாய் பள்ளியார் 1 என்றார்கள். 15 நின்றது.

நட்ட மரத்தின் பழத்தை மூன்று வருடம் தொடக்கூடாது என்று ஒரு சட்டம், ஓர்லா. அதற்கும் இந்த நாளும் ரோஷ் ஹஷானாவும் சேர்ந்துதான் கணக்கு. ரோஷ் ஹஷானாவுக்கு 44 நாளுக்கு முன்பே நட்டுவிட்டால் அந்தச் சின்னத் துண்டே ஒரு வருடமாகிவிடும். இரண்டு நாள் பிந்தி நட்டவன் கிட்டத்தட்ட ஒரு வருடம் கூடுதலாகக் காத்திருப்பான். தோட்டக்காரர்கள் நாள்காட்டியை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

2 மார்ச் 2025

“சந்திர மாதம் என்கிறீர்கள், அப்படியானால் பண்டிகை நகர்ந்து நகர்ந்து மழைக்காலத்துக்குப் போய்விடாதா?” நல்ல கேள்வி. போகக்கூடாது. நிசான் கதிர் முற்றும் மாதமாக இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஓமேருக்கு வாற்கோதுமை எங்கே? அதனால் தேவைப்பட்ட வருடத்தில் நிசானுக்கு முந்திய அதார் மாதத்தை இரண்டாக்கினார்கள். வயலில் கதிர், மரத்தில் கனி, சூரியன் நிற்கும் நிலை ஆகிய மூன்றையும் பார்த்து முடிவெடுத்தார்கள். அறிஞர் சபைத் தலைவர் ரப்பான் கமாலியேல் எழுதி அனுப்பிய ஓலை ஒன்று தால்முதில் இருக்கிறது. அதன் சாரம்: புறாக்குஞ்சுகள் இன்னும் இளசு, ஆட்டுக்குட்டிகள் தேறவில்லை, கதிர் முற்றவில்லை, ஆகவே இந்த வருடத்தோடு முப்பது நாள் கூட்டியிருக்கிறேன்.

அதைவிட நுட்பமான விதி ஒன்று. ஷ்மிட்டா வருடத்தில் மாதம் கூட்டமாட்டார்கள், அடுத்த வருடத்திலும் கூட்டமாட்டார்கள். ஷ்மிட்டாவில் கூட்டினால் உழாமல் இருக்கும் காலம் ஒரு மாதம் நீளும். அடுத்த வருடத்தில் கூட்டினால் ஓமேர் ஒரு மாதம் தள்ளும், ஏற்கெனவே களஞ்சியம் காலியாக இருப்பவன் புதுத் தானியத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பட்டினியை நினைத்துப் பஞ்சாங்கத்தை நிறுத்தியிருக்கிறார்கள்.

இப்போது 19 வருடத்துக்கு 7 அதிகமாதம் என்று நிலையான கணக்கு, அது ஷ்மிட்டாவைப் பார்க்காது. நான் இருந்த 5782-ஆம் வருடம் ஷ்மிட்டாவாகவும் இருந்தது, பதின்மூன்று மாதமாகவும் இருந்தது.

11 ஏப்ரல் 2025

நாளை இரவு பஸ்கா. அரிசி பற்றி எழுதாமல் விட்டால் நம் ஆட்கள் மன்னிக்கமாட்டார்கள்.

பஸ்காவில் புளித்தது கூடாது. எது புளிக்கும்? ஐந்து தானியம் மட்டும். கோதுமையும் வாற்கோதுமையும் அவற்றின் இனத்துச் சிலவும். யோஹனான் பென் நூரி என்ற அறிஞர் மட்டும் அரிசியும் அந்த வகைதான் என்று வாதாடினார், மற்றவர்கள் ஏற்கவில்லை. புளிப்புக்கான இதே ஐந்துதான் ஓமேர் தடைக்கும். எனவே அரிசி இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. ஆனால் ஐரோப்பிய யூதர்கள் இடைக்காலத்தில் அரிசி, பருப்பு வகைகளையும் பஸ்காவில் விலக்கிவிட்டார்கள். ஈராக்கிலிருந்து வந்தவர்கள் விலக்கவில்லை.

பாட்டியோடு உட்கார்ந்து பஸ்கா அரிசி பொறுக்கினேன். வெள்ளைத் துணி விரித்து, ஒரு கோதுமை மணிகூடக் கலந்திருக்கக்கூடாது என்று மூன்று தடவை. எங்கள் ஊரில் கல்லும் நெல்லும் பொறுக்குவோம், அதே விரல் வேகம். பாட்டி என் கையைப் பார்த்துவிட்டு, “உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?” என்றார். எங்கள் அம்மா என்றேன். அதற்குப் பிறகு அடுக்களையில் என்னை யாரும் சரிபார்க்கவில்லை. பேத்தியின் கணவர் போலந்துக் குடும்பம். பஸ்கா இரவில் குங்குமப்பூ அரிசிச் சட்டி எதிரே வர, அவர் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு “வாசனை பார்க்கத் தடை இல்லையே!” என்பார். வீடே சிரிக்கும்.

14 ஏப்ரல் 2025

ஓமேர் நாள். நேற்று இரவு முதல் எண்ணிக்கை தொடங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் இந்த இரவில் எப்படி அறுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் கூடுவார்கள். அறுப்பவர் சத்தமாகக் கேட்பார்: பொழுது சாய்ந்ததா? ஆம். இந்த அரிவாளாலா? ஆம். இந்தக் கூடையிலா? ஆம். அறுக்கட்டுமா? அறு. ஒவ்வொன்றும் மூன்று தடவை. “ஓய்வுநாளின் மறுநாள்” என்று லேவியராகமம் சொல்வதை ஞாயிற்றுக்கிழமை என்று கொண்ட பிரிவினர் இருந்தார்கள். பஸ்காவின் முதல் நாளுக்கு மறுநாள் என்பது பரிசேயர் கொள்கை. சர்ச்சை இருந்ததால்தான் இத்தனை சத்தம்.

ஷ்மிட்டா வருடத்தில் விதைப்பே இல்லையே, ஓமேருக்கு என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். தானாக முளைத்த வாற்கோதுமை. அதை யாரும் பறித்துவிடாமல் பார்த்துக்கொள்ளக் காவலாள் போட்டு, ஆலய நிதியிலிருந்து கூலி கொடுத்தார்கள். சட்டத்தால் எல்லோருக்கும் திறந்து கிடக்கும் நிலத்தில் ஒரே ஒரு பாத்திக்குக் காவல்.

20 ஏப்ரல் 2025

கேள்வி கேட்ட நண்பருக்கு நான் ஜனவரியிலேயே சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. இந்த வருடமும் பஸ்கா இரவு வாசகத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது மனதில் கூடிவந்தது.

சரித்திரமா விளைச்சலா என்று நீங்கள் பிரிக்கிறீர்கள். பஸ்கா இரவில் வீட்டில் சொல்லும் கதையின் நடுப்பகுதி எது? உபாகமம் 26: என் முன்னோன் அலைந்து திரிந்தவன், கொஞ்சம் பேராக எகிப்துக்குப் போனான், அடிமைப்படுத்தினார்கள், கூப்பிட்டோம், வெளியே கொண்டுவந்தார். விடுதலைக் கதையின் சாரமே அதுதான். ஆனால் உபாகமத்தில் அதைச் சொல்பவன் யார் என்று பாருங்கள். பஸ்கா விருந்துக்காரன் அல்ல. முதற்கனிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்கு வந்த விவசாயி. இதோ, நீர் கொடுத்த நிலத்தின் முதல் கனி என்று சொல்லி முடிக்கிறான்.

அந்தக் கூடை எப்படி வந்தது என்று மிஷ்னா விவரிக்கிறது. தோட்டத்துக்குப் போகிறவன் முதலில் பழுத்த அத்தியைக் கண்டால் ஒரு நாரைக் கட்டி, இது முதற்கனி என்பான். திராட்சைக் குலைக்கும் மாதுளைக்கும் அப்படியே. பிறகு வட்டார மக்கள் ஒன்றுகூடிப் புறப்படுவார்கள். முன்னே கொம்பில் பொன் பூசிய எருது, தலையில் ஒலிவ இலை மாலை, குழல் ஓசை. எருசலேமின் கைவினைஞர்கள் எழுந்து நின்று ஊர் பெயர் சொல்லி வரவேற்பார்கள். ஆலய மலையை அடைந்ததும் அரசனே ஆனாலும் கூடையைத் தன் தோளில் சுமக்க வேண்டும்.

அந்த வாசகத்தை வாசிக்கத் தெரிந்தவன் தானே சொன்னான், தெரியாதவனுக்கு ஒருவர் எடுத்துக்கொடுத்தார். தெரியாதவர்கள் வெட்கப்பட்டு வருவதையே நிறுத்திவிட்டார்கள். உடனே விதியை மாற்றினார்கள்: தெரிந்தவனுக்கும் எடுத்துக்கொடு. இந்த ஒரு வரிக்காகவே அந்த அறிஞர்களைக் கும்பிடலாம்.

ஷவுவோத் முதல் சுக்கோத் வரை கொண்டுவருபவன் வாசகம் சொல்வான். சுக்கோத்துக்குப் பின் குளிர்கால விளக்குப் பண்டிகையான ஹனுக்கா வரை கூடையை வாங்கிக்கொள்வார்கள், வாசகம் இல்லை. அறுப்பின் மகிழ்ச்சி இருக்கும் காலத்தில்தான் சரித்திரத்தைச் சொல்லவேண்டும். ஆகவே பிரிக்கவே முடியாது. கையில் அத்திப்பழம் இருக்கும்போது சொன்ன சரித்திரம் அது.

2 ஜூன் 2025

ஷவுவோத். லேவியராகமம் 23 முழுக்கப் பண்டிகை அட்டவணை. பஸ்கா, ஓமேர், ஷவுவோத் என்று போய்க்கொண்டிருக்கும்போது 22-ஆம் வசனத்தில் திடீரென்று: உங்கள் நிலத்தை அறுக்கும்போது ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. அடுத்த வசனம் மறுபடி பண்டிகை. நடுவில் இது எதற்கு? பழைய உரை சொல்லும் பதில்: இதைச் சரியாகச் செய்பவன் ஆலயம் கட்டிப் பலி செலுத்தியவனுக்குச் சமம்.

ஓரத்துக்குக் குறைந்த அளவு அறுபதில் ஒன்று. கையிலிருந்து ஒரு கதிரோ இரண்டோ விழுந்தால் ஏழைக்கு, மூன்று விழுந்தால் சொந்தக்காரனுக்கு. ஏழைகள் ஒரு நாளில் மூன்று வேளை வயலுக்கு வரலாம், காலை, நண்பகல், பிற்பகல். ஓர் உரை விளக்கம் தருகிறது: காலையில் பிள்ளை தூங்கும் நேரத்தில் பால் கொடுக்கும் தாய்மார், நண்பகல் சிறு பிள்ளைகள், பிற்பகல் மெல்ல நடந்து வரும் முதியவர்கள்.

ஷவுவோத் அன்று ரூத் புத்தகம் வாசிப்பதற்குப் பல காரணம் சொல்வார்கள். கதை வாற்கோதுமை அறுப்பில் தொடங்கிக் கோதுமை அறுப்பு வரை நடக்கிறது, அதாவது ஓமேர் எண்ணும் அதே வாரங்கள். வேற்று நாட்டுப் பெண் ஒருத்தி பிறத்தியார் வயலில் கதிர் பொறுக்கி மாமியாரைக் காப்பாற்றுகிறாள். வேற்று நாட்டில் ஒரு வயதான பெண்மணிக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த எனக்கு அது வெறும் வாசிப்பாக இருந்ததில்லை.

24 செப்டம்பர் 2025

ரோஷ் ஹஷானா. ஷ்மிட்டாவில் கடை எப்படி நடக்கும், நிலத்தைப் பெயருக்கு விற்றுவிடுவதாகச் சொல்கிறார்களே, அது ஏமாற்று அல்லவா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

நான் இருந்த ஷ்மிட்டாவில் ரோஷ் ஹஷானா தாண்டியதும் எருசலேமின் மஹானே யெஹுதா சந்தையில் காய்கறிக்கு மேல் அட்டைகள் முளைத்தன. காய்கறி பறிக்கும் நாளைக்கொண்டு கணக்கு, அதனால் உடனே. பழத்துக்குக் காய் பிடிக்கும் நாளைக்கொண்டு கணக்கு, அதனால் ஷ்மிட்டாப் பழம் அடுத்த வசந்தத்துக்குப் பிறகுதான் வந்தது, எட்டாம் வருடத்திலும் ஓடியது. நிலத்தை யூதர் அல்லாத ஒருவருக்குத் தற்காலிகமாக விற்று விளைவித்தது ஒரு வகை. வேற்றார் நிலத்து விளைச்சல், இறக்குமதி இரண்டும் வேறு வகை. மத நீதிமன்றமே விவசாயிகளைத் தன் ஆட்களாக வைத்து, பழத்துக்கு விலை இல்லாமல் கூலிக்கும் வண்டிக்கும் மட்டும் பணம் வாங்குவது இன்னொன்று. பாட்டி காய்கறியை முதல் வகையிலும் பழத்தை நீதிமன்ற வகையிலும் வாங்குவார். அந்தப் பழத்தின் தோலைக்கூடக் குப்பையில் எறியக்கூடாது. தனிப் பையில் கட்டி, அது கெட்டுப்போன பிறகே வெளியே போகும்.

விற்கும் ஏற்பாட்டைப் பற்றி எனக்கும் தொடக்கத்தில் உங்கள் மாதிரிதான் தோன்றியது. இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறேன். 1888–89 ஷ்மிட்டாவில் புது யூத விவசாயக் குடியேற்றங்கள் வயிற்றுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நின்றன. அப்போது பிறந்த ஏற்பாடு அது. 1909–10 ஷ்மிட்டாவில் யாஃபாவில் ரப்பியாக இருந்த அவ்ராஹாம் இட்ஸ்ஹாக் கூக் அதை வாதங்களோடு தாங்கினார், அதே சமயம் முடிந்தவன் நிலத்தை ஓயவிடட்டும் என்றே விரும்பினார். ஹஸோன் இஷ் என்று அறியப்பட்ட அறிஞர் கரேலிட்ஸ் பின்னாளில் கடுமையாக எதிர்த்தார். சட்டம் பொருட்டே இல்லை என்றால் யாரும் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கமாட்டார்கள், நேராக உழுதிருப்பார்கள்.

9 அக்டோபர் 2025

சுக்கோத்துக்கும் ஷ்மிட்டாவுக்கும் இருக்கும் முடிச்சு. பண்டிகைக்கு எத்ரோக் என்ற நாரத்தை வகைக் கனியும் பேரீச்சங் குருத்தும் வேண்டும். ஷ்மிட்டாக் கனியை வழக்கமான வியாபாரமாக விற்கக்கூடாது. மிஷ்னாவின் தீர்வு: குருத்தைக் காசு கொடுத்து வாங்கு, எத்ரோக்கைக் கடைக்காரன் அன்பளிப்பாகத் தரட்டும். தராவிட்டால் குருத்தின் விலையில் அடக்கிக்கொள்ளலாம் என்று தால்முத். அந்தக் கனியே சட்டத்தில் பிடிபடாத ஒன்று. மூன்று விஷயத்தில் மரம், ஒரு விஷயத்தில் காய்கறி என்று மிஷ்னாவில் ஒரு கருத்து, எல்லாவற்றிலும் மரமே என்று எதிர்க்கருத்து.

29 அக்டோபர் 2025

மழை. நான்கு காலங்களில் உலகம் தீர்ப்படைகிறது என்கிறது மிஷ்னா: பஸ்காவில் தானியத்துக்கு, ஷவுவோத்தில் மரக்கனிக்கு, ரோஷ் ஹஷானாவில் மனிதருக்கு, சுக்கோத்தில் தண்ணீருக்கு. அதனால்தான் சுக்கோத்தில் சீலோவாம் குளத்து நீரைப் பலிபீடத்தில் ஊற்றினார்கள். ஆனால் பண்டிகை முடிந்தவுடன் இஸ்ரவேலில் மழை கேட்பதில்லை. பதினைந்து நாள் பொறுத்து, ஹெஷ்வான் 7-இல்தான் கேட்கிறார்கள், நேற்று இரவு தொடங்கியது. காரணம்: கடைசி யாத்திரிகன் யூப்ரத்தீஸ் நதியைச் சேரும்வரை வழியில் நனையக்கூடாது. ஆலயமும் இல்லை, நடந்து போகும் யாத்திரிகனும் இல்லை, இன்றும் அந்தப் பதினைந்து நாளை விட்டுக்கொடுக்கவில்லை.

4 டிசம்பர் 2025

வெளிநாட்டு யூதர்கள் இன்று மாலைதான் மழை கேட்கத் தொடங்குகிறார்கள். பாபிலோனின் பருவத்தை ஒட்டி வைத்த கணக்கு, உலகம் முழுக்க அதையே பின்பற்றுகிறார்கள். “நம் ஊரில் வேறு பருவம் என்றால்?” இதை நினிவே மக்கள் அன்றே கேட்டுவிட்டார்கள். எங்களுக்குக் கோடையிலும் மழை வேண்டும், என்ன செய்வது? தனித்தனியாக வேண்டிக்கொள்ளுங்கள், தினசரி ஜெபத்தில் ‘விண்ணப்பங்களைக் கேட்பவரே’ என்ற பகுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பொது நாள்காட்டி மாறவில்லை, அவர்கள் வயலையும் கைவிடவில்லை.

அடுத்த ஷ்மிட்டா 2028 செப்டம்பரில் தொடங்கும். அந்தப் பக்கம் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் இந்த இழையில் இருந்தால்: பழத்தோலை எந்தப் பையில் போடுவது என்று வீட்டாரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.